ஆன்லைன் கேசினோ முகப்புப் பக்கம்: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

"அந்த சைட் ஒரிஜினல்தான், என் ஃபிரண்டுக்குப் பணம் வந்துச்சு." ஆன்லைன் கேசினோ பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இந்த வாக்கியமும் கூடவே வந்துவிடும். பக்கம் பளிச்சென்று இருக்கிறது, முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறது, கீழே ஏதோ ஒரு லைசென்ஸ் முத்திரை இருக்கிறது, போட்ட 500 ரூபாய் 800 ஆகத் திரும்பி வந்தது. இவ்வளவு போதும், 'ட்ரஸ்டட்' என்று முடிவு செய்துவிடுகிறோம்.

இந்த நான்கில் ஒன்றுகூட ஆதாரம் ஆகாது. அதிலும் கடைசியாகச் சொன்னதுதான் மிக ஆபத்தானது. முதலில் சின்னத் தொகையைச் சிக்கல் இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெரிய தொகை உள்ளே வந்ததும் 'வரி கட்டினால்தான் எடுக்க முடியும்', 'கணக்கைச் சரிபார்க்க இன்னும் பணம் போடுங்கள்' என்று இழுப்பது பணமோசடிக் கும்பல்களின் வழக்கமான முறை.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'இவர்கள் ஏமாற்ற மாட்டார்கள்' என்பதும் 'இங்கே ஜெயிக்கலாம்' என்பதும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. நூறு சதவீதம் நேர்மையாக நடக்கும் கேசினோவிலும் ஆடுபவர் சராசரியாகத் தோற்கவே செய்வார். ஏன் என்பதைக் கீழே கணக்குப் போட்டே பார்ப்போம்.

உதாரணத்துக்குப் பிரிட்டனை எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஆன்லைன் கேசினோ சட்டப்படி நடக்கிறது. 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும், அதன் கீழ் இயங்கும் சூதாட்ட ஆணையமும், முகப்புப் பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதுவரை எழுதி வைத்திருக்கின்றன. லண்டன் பக்கம் வாழும் நம் ஆட்களுக்கு இது நேரடியாகவே பயன்படும். இந்தியாவின் நிலைமை முற்றிலும் வேறு. அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

ஆதாரம் பக்கத்துக்கு வெளியே இருக்க வேண்டும்

நகைக்கடையில் தங்கச் சங்கிலி வாங்கும்போது ஹால்மார்க் பார்க்கிறோம். சங்கிலியின் கொக்கிப் பக்கம் முக்கோண முத்திரை இருக்கும், கூடவே ஆறு இலக்க அடையாளக் குறியீடும் இருக்கும். முத்திரையை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. போலி முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்தலாம். அந்தக் குறியீட்டை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால், நகையின் வகை, தூய்மை, சோதித்த மையம் எல்லாம் வரும். கையில் இருக்கும் நகையோடு அது பொருந்தினால்தான் முத்திரைக்கு மதிப்பு. இங்கே நாம் கடைக்காரரின் வாய்ப்பேச்சை நம்பவில்லை. அவர் கைவைக்க முடியாத ஒரு பதிவை நம்புகிறோம்.

கேசினோ முகப்பும் இப்படித்தான். பக்கத்தில் இருக்கும் எல்லாமே பக்கத்தை வைத்திருப்பவர் எழுதியது. 'பாதுகாப்பானது', 'பத்து லட்சம் வாடிக்கையாளர்கள்', ஐந்து நட்சத்திரப் பாராட்டுகள், 'சற்றுமுன் வென்றவர்கள்' என்று ஓடிக்கொண்டே இருக்கும் பெயர்கள், விசா, மாஸ்டர்கார்டு படங்கள், எல்லாம் பத்து நிமிடத்தில் ஒட்டக்கூடியவை. ஒரு தகவலை வேறொரு இடத்தில், கேசினோவின் கை எட்டாத இடத்தில், சரிபார்க்க முடியுமா? இந்த ஒரு கேள்வியை முகப்பில் உள்ள ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை உடனே உதிர்ந்துவிடும்.

பூட்டுப் படம் சொல்வது கொஞ்சம்தான்

பூட்டின் பொருள் இவ்வளவே: உங்கள் கருவிக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறைக்குறியாக்கம் நடக்கிறது. மறைக்குறியாக்கம் என்றால், சாவி வைத்திருப்பவர் தவிர வேறு யாருக்கும் புரியாத வடிவில் தகவலை மாற்றி அனுப்புவது. எதிர்முனையில் இருப்பவர் யார், நல்லவரா என்று பூட்டு சொல்வதில்லை. உங்கள் கார்டு எண் ஒரு திருடனிடமும் மிகப் பாதுகாப்பாகப் போய்ச் சேரலாம்.

இந்தப் பூட்டுக்கான சான்றிதழ் பல ஆண்டுகளாக இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு இணைய முகவரியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால் போதும். 2023 செப்டம்பரில் கூகுள் தன் குரோம் உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறொரு சின்னத்தை வைத்தது. பூட்டைப் பார்த்தவுடன் 'தளமே நம்பகமானது' என்று மக்கள் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். மறைக்குறியாக்கம் இல்லாத தளத்தில் பணம் போடவே கூடாது. அது இருக்கிறது என்பதற்காகவும் போடக் கூடாது.

அடிப்பகுதியில் இருக்கும் சின்ன எழுத்து

முகப்பைத் திறந்ததும் நேராகக் கீழே இறங்கிவிடுங்கள். மேலே இருப்பது விளம்பரம். விஷயம் கீழேதான்.

பிரிட்டனில் உள்ளவர்களுக்கு ஆன்லைன் சூதாட்டம் நடத்தும் நிறுவனம் உலகின் எந்த மூலையில் இருந்தாலும், 2014 நவம்பர் முதல் அதற்குப் பிரிட்டன் ஆணையத்தின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனம், ஆட்டத்துக்குள் நுழைய வழியுள்ள திரைகளில் மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும்: ஆணையத்தின் உரிமமும் கண்காணிப்பும் தனக்கு உண்டு என்ற வாசகம், ஆணையம் தனக்குக் கொடுத்த கணக்கு எண், ஆணையத்தின் தளத்தில் தன் உரிமத்தின் தற்போதைய நிலையைக் காட்டும் இணைப்பு.

இந்த மூன்றாவது முக்கியமானது. முத்திரையைச் சொடுக்கினால் ஆணையத்தின் பொதுப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். பொதுப் பதிவேடு என்பது உரிமம் பெற்ற எல்லா நிறுவனங்களின் விவரங்களையும் எவரும் தேடிப் பார்க்கும்படி ஆணையம் வைத்திருக்கும் பட்டியல். சொடுக்கினால் எங்கும் போகவில்லையா, அல்லது அதே தளத்துக்குள் 'சான்றிதழ்' என்று ஒரு படம் திறக்கிறதா? அங்கேயே மூடிவிடலாம்.

ஆனால் இணைப்பை மட்டும் நம்பவும் வேண்டாம். ஆணையத்தின் பக்கத்தைப் போலவே இன்னொரு போலிப் பக்கம் செய்து அதற்கு இணைப்புக் கொடுப்பது கடினமான வேலை இல்லை. அதனால் ஆணையத்தின் தளத்தை நீங்களே தனியாகத் திறந்து, எண்ணைத் தேடிப் பாருங்கள். தேடும்போது நிறுவனத்தின் பெயரோடு நின்றுவிடக் கூடாது. வேறொரு நிறுவனத்தின் உண்மையான எண்ணைத் திருடி ஒட்டிக்கொள்ளும் தளங்கள் உண்டு. எண் சரியாக இருக்கும், நிறுவனமும் உண்மையாக இருக்கும், ஆனால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் தளம் அவர்களுடையதே இல்லை. இதைக் கண்டுபிடிக்கப் பதிவேட்டிலேயே வழி இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் கீழும் அதற்குச் சொந்தமான இணைய முகவரிகள் வரிசையாக இருக்கும். உங்கள் உலாவியில் உள்ள முகவரி, எழுத்துக்கு எழுத்து, ஒரு கோடு கூடாமல் குறையாமல், அந்த வரிசையில் இருக்க வேண்டும். அதே பதிவேட்டில் உரிமம் இப்போது நடைமுறையில் இருக்கிறதா, இடைநிறுத்தப்பட்டிருக்கிறதா, அபராதம் ஏதும் விதிக்கப்பட்டிருக்கிறதா என்பதும் தெரியும்.

'எங்களுக்குக் குராசோ லைசென்ஸ் இருக்கிறது' என்று நிறைய தளங்கள் போட்டிருக்கும். குராசோ கரீபியன் கடலில் உள்ள ஒரு தீவு. அங்கே வெகுகாலமாகச் சில தனியார் நிறுவனங்கள் மூல உரிமம் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குத் துணை உரிமம் கொடுத்துவந்தன. யாரை யார் மேற்பார்வை செய்கிறார்கள் என்று ஆடுபவருக்குத் தெரியாத ஏற்பாடு அது. 2024 டிசம்பரில் புதுச் சட்டம் வந்து, அரசு ஆணையமே நேரடியாக உரிமம் கொடுக்கும் முறைக்கு மாறியிருக்கிறார்கள். சரி, அந்த உரிமம் உண்மையானதாகவே இருந்தாலும் பிரிட்டனில் இருப்பவருக்கு அது போதாது. உரிமம் உண்மையா என்பது ஒரு கேள்வி, அது உங்கள் நாட்டுக்குச் செல்லுமா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதை யாரும் கேட்பதில்லை.

உரிமத்தால் ஆடுபவருக்கு நடைமுறையில் கிடைப்பது முறையிட ஓர் இடம். பிரிட்டனில் உரிமம் பெற்ற நிறுவனத்தோடு தகராறு வந்து எட்டு வாரத்தில் தீராவிட்டால், அதை வெளியே ஒரு மாற்றுத் தீர்வு அமைப்பிடம் கட்டணம் இல்லாமல் கொண்டுபோகலாம். அந்த அமைப்பின் பெயர் தளத்திலேயே இருக்க வேண்டும். உரிமம் இல்லாத தளத்தில் பணம் மாட்டினால் பேச இருப்பது அவர்களுடைய சாட் பெட்டி மட்டும்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அழகும் பூட்டும் முத்திரைப் படமும் ஆதாரம் இல்லை. பதிவேட்டில் எண், நிறுவனம், இணைய முகவரி மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால், தளம் யாருடையது என்பது தெரிந்துவிட்டது. அடுத்து, அது உங்களிடம் தெளிவாகப் பேசுகிறதா என்று பார்க்க வேண்டும்.

உள்ளே போட்ட பணம் யாருடையது?

கணக்கில் இருக்கும் பணம் வங்கியில் இருப்பதுபோல் பத்திரம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நிறுவனம் திவாலானால் வாடிக்கையாளர் பணம் என்ன ஆகும் என்பதை உரிமம் பெற்றவர்கள் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்பது பிரிட்டன் விதி. பாதுகாப்பு இல்லை, நடுத்தரம், உயர்வு என்று அதற்கு நிலைகள் உண்டு. உயர்வு என்றால் பணம் நிறுவனத்திடமிருந்து சட்டப்படி பிரிக்கப்பட்ட அறக்கட்டளைக் கணக்கில், வெளியார் கண்காணிப்பில் இருக்கும். பாதுகாப்பு இல்லை என்றால் திவாலின்போது உங்கள் பணமும் நிறுவனத்தின் சொத்தோடு சேர்ந்துவிடும். கவனியுங்கள், பாதுகாப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி சொல்லவில்லை. எந்த நிலை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முழுச் சட்டப்படி நடக்கும் தளத்திலும் 'பாதுகாப்பு இல்லை' என்ற வரி இருக்கலாம். அந்த வரி எளிதில் கண்ணில் படும்படி வைத்திருக்கிறார்களா என்பதிலேயே தளத்தின் குணம் பாதி தெரிந்துவிடும்.

96 சதவீதம் என்றால் என்ன?

ஸ்லாட் விளையாட்டுகளின் (பட்டனை அழுத்தியதும் படங்கள் சுழன்று நிற்கும், நின்ற வரிசையைப் பொறுத்துப் பணம் கிடைக்கும்) விவரத்தில் ஆர்டிபி 96% என்று இருக்கும். ஆர்டிபி என்பது திரும்பும் விகிதம்: பந்தயமாக வைக்கப்படும் மொத்தத் தொகையில், மிக நீண்ட கால சராசரியில், ஆடுபவர்களுக்குத் திரும்பிப் போகும் பங்கு. மிச்சமுள்ள 4% கேசினோவின் பங்கு. முதலில் ரூலெட்டில், அதாவது சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணின் குழியில் விழும் என்று பந்தயம் வைக்கும் ஆட்டத்தில், பார்த்தால் எளிதாகப் புரியும். ஐரோப்பிய ரூலெட்டில் 37 குழிகள். ஓர் எண்ணில் 1 பவுண்டு வைத்து ஜெயித்தால் 35 பவுண்டு லாபம் கொடுப்பார்கள். குழிகளின் எண்ணிக்கைப்படி நியாயமாகக் கொடுப்பதென்றால் 36 கொடுக்க வேண்டும். அந்த ஒரு பவுண்டு இடைவெளிதான் கேசினோவின் வருமானம், கணக்குப் பார்த்தால் 2.7%. யாரும் சக்கரத்தை வளைக்கவில்லை. மறைவாகப் பட்டன் எதையும் அழுத்தவும் இல்லை. விலைப்பட்டியலிலேயே இருக்கிறது.

ஆன்லைன் ஸ்லாட்டில் சக்கரத்துக்குப் பதிலாகத் தற்செயல் எண்ணாக்கி என்ற நிரல் இருக்கிறது. முன்னால் என்ன வந்தது என்பதைப் பொருட்படுத்தாமல் ஒவ்வொரு சுற்றுக்கும் கணிக்க முடியாத ஓர் எண்ணை அது தரும். 'ரொம்ப நேரமாக விழவில்லை, இனி விழும்' என்ற எண்ணத்துக்கு அங்கே இடமே இல்லை. இந்த நிரலைத் தனிச் சோதனைக்கூடங்கள் பரிசோதிக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. ஒரே பெயரும் ஒரே படமும் கொண்ட விளையாட்டையே தயாரிப்பாளர்கள் வெவ்வேறு ஆர்டிபியில் கேசினோக்களுக்குக் கொடுப்பதும் உண்டு. அதனால் 'அந்த கேம் 96' என்று வேறெங்கோ படித்தது இங்கே செல்லாது. இந்தத் தளத்தில் இந்த விளையாட்டின் விவரப் பக்கம் காட்டும் எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலானோர் தவறு செய்யும் இடம் இதற்கு அடுத்துதான். 100 பவுண்டு போட்டால் 96 மிஞ்சும் என்று நினைக்கிறார்கள். அந்த 4% நீங்கள் கணக்கில் போட்ட தொகையின் மேல் இல்லை, வைக்கும் ஒவ்வொரு பந்தயத்தின் மேலும். திரும்பி வந்த பணத்தையே மறுபடி வைப்பீர்கள், அதிலும் 4%, அப்புறம் அதிலும் 4%. பிரிட்டனில் ஒரு ஸ்லாட் சுற்று குறைந்தது 2.5 விநாடி ஓட வேண்டும் என்று 2021 அக்டோபர் முதல் விதி. அந்த வேகத்தில் விடாமல் அழுத்தினால் மணிக்கு 1,440 சுற்று. சுற்றுக்கு 1 பவுண்டு என்றால் பந்தயம் 1,440 பவுண்டு, சராசரி இழப்பு 57 பவுண்டுக்கு மேல். ஒரே மணி நேரத்தில், முழு நேர்மையான விளையாட்டில்.

போனஸ் கணக்கு

முகப்பில் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது போனஸ். 'முதல் டெபாசிட்டுக்கு 100% போனஸ்' என்று இருக்கும். 50 பவுண்டு போட்டால் இன்னொரு 50 இலவசம் என்று படிக்கத் தோன்றும்.

அதோடு பந்தய நிபந்தனை என்ற ஒன்று இருக்கிறது. போனஸையும் அதில் வென்றதையும் வெளியே எடுப்பதற்கு முன் மொத்தம் எவ்வளவுக்குப் பந்தயம் வைத்திருக்க வேண்டும் என்ற அளவு அது. போனஸின் 35 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 50 பவுண்டின் 35 மடங்கு 1,750 பவுண்டு. ஆர்டிபி 96% என்றால் 1,750 பவுண்டுப் பந்தயத்தில் சராசரி இழப்பு 70 பவுண்டு. கிடைத்தது 50, அதை எடுக்கப் போவதற்குள் சராசரியாகக் கரைவது 70. சில தளங்களில் 'டெபாசிட்டும் போனஸும் சேர்த்து 35 மடங்கு' என்று இருக்கும். அந்த ஒரு சொல் கூடியதும் தேவையான பந்தயம் 3,500 ஆகிறது, சராசரி இழப்பு 140.

இது சராசரி. ஒருவர் வழியில் பெரிதாக ஜெயித்து வெளியே வரலாம். பலருக்கு நிபந்தனை முடியும் முன்பே கணக்கு காலியாகிவிடும். போதாததற்கு ரூலெட்டில் வைக்கும் பந்தயத்தில் ஒரு சிறு பகுதியையே நிபந்தனைக்குக் கணக்கில் எடுப்பார்கள், ஒரு சுற்றில் இவ்வளவுக்கு மேல் வைத்தால் வென்றதெல்லாம் ரத்து என்பார்கள், இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பார்கள். 'ஜெயிச்சேன், பணம் தர மாட்டேங்கிறாங்க' என்ற புகார்கள் பலவற்றுக்கு வேர் இந்த வரிகளில்தான் இருக்கிறது.

பிரிட்டனில் 2026 ஜனவரி முதல் இந்த நிபந்தனை 10 மடங்குக்கு மேல் போகக் கூடாது. அதே 50 பவுண்டுக்கு இப்போது 500 பவுண்டுப் பந்தயம், சராசரி இழப்பு 20. இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று மேலே உள்ள கணக்கோடு வைத்துப் பாருங்கள். கூடவே இது ஒரு சோதனைக் கருவியாகவும் ஆகிவிட்டது. பிரிட்டனில் இருப்பவருக்கு '40 மடங்கு' என்று ஒரு தளம் காட்டினால், உரிமம் பற்றி அது என்ன சொன்னாலும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டு நடக்கவில்லை.

தெளிவான முகப்பு என்று நான் சொல்வது, மடங்கு எத்தனை, எதன் மேல், எத்தனை நாள், உச்சவரம்பு என்ன என்ற நான்கையும் போனஸ் எழுத்துக்குப் பக்கத்திலேயே வைக்கும் பக்கத்தை. முக்கிய நிபந்தனைகள் விளம்பரத்தோடு சேர்ந்தே வர வேண்டும் என்பது அங்குள்ள விளம்பர விதியும்கூட. அவற்றைத் தேட நான்கு பக்கம் தாண்ட வேண்டியிருந்தால், அந்தப் பக்கத்தை அப்படி வடிவமைத்தவர்களுக்கு ஒரு நோக்கம் இருக்கிறது.

சுருக்கமாக: ஆர்டிபி உங்கள் ஒவ்வொரு பந்தயத்துக்குமான விலை. போனஸ் நிபந்தனை அந்த விலையை நீங்கள் எத்தனை தடவை கட்ட வேண்டும் என்று சொல்கிறது. இந்த இரண்டு எண்களும் கிடைத்தால் பணம் போடும் முன்பே இழப்பைக் கணக்கிடலாம்.

தடுக்கும் பக்கம், தடுக்காத பக்கம்

பதிவு செய்ததும் வயதையும் அடையாளத்தையும் கேட்டால் எரிச்சல் வரும். ஆனால் பிரிட்டனில் 2019 மே முதல் பணம் போடுவதற்கு முன்பே வயதைச் சரிபார்த்தாக வேண்டும். 'ஆவணம் வேண்டாம், உடனே ஆடலாம்' என்று கூப்பிடும் தளங்கள் பல, பணத்தை எடுக்கப் போகும்போது ஆவணம் கேட்டு மாதக்கணக்கில் இழுப்பதைப் பார்க்கலாம். 2020 ஏப்ரல் முதல் அங்கே கிரெடிட் கார்டில் சூதாட முடியாது. கடன் வாங்கி ஆடுவதைத் தடுப்பதற்கு வந்த விதி அது. கிரெடிட் கார்டு ஏற்கும் தளம் உங்களுக்கு வசதி செய்து தரவில்லை, விதியை மீறுகிறது.

எனக்கு மிக வருத்தம் தரும் ஒன்று 'கேம்ஸ்டாப்பில் இல்லாத கேசினோ' என்ற விளம்பரம். கேம்ஸ்டாப் என்பது பிரிட்டனின் சுயவிலக்குத் திட்டம். சூதாட்டத்தை நிறுத்த முடியாமல் தவிப்பவர் அதில் ஒரு தடவை பதிந்தால், 6 மாதமோ ஓராண்டோ 5 ஆண்டோ, உரிமம் பெற்ற எந்த ஆன்லைன் தளத்திலும் அவரால் ஆட முடியாது. உரிமம் பெற்ற எல்லாத் தளங்களும் 2020 முதல் அதில் சேர்ந்தாக வேண்டும். ஆக, 'நாங்கள் அதில் இல்லை' என்று முகப்பிலேயே பெருமையாக எழுதும் தளம் இரண்டு விஷயங்களை ஒப்புக்கொள்கிறது: தனக்கு உரிமம் இல்லை, தான் தேடுவது நிறுத்த முயன்றுகொண்டிருக்கும் மனிதர்களை. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இந்தச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தால், தளத்தைப் பற்றிப் பேசுவதைவிட அவரிடம் பேசுவது முக்கியம்.

இந்தியாவிலிருந்து பார்க்கும்போது

தமிழ்நாட்டில் 2023இல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்தது. ரம்மி, போக்கர் பற்றி வழக்கு நடந்தது. அவை திறமை விளையாட்டுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் சொன்னது. ஸ்லாட், ரூலெட் போன்ற அதிர்ஷ்ட விளையாட்டுகளின் மீதான தடை அப்படியே நின்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இன்னும் மேலே போய், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் நடத்துவதையும் விளம்பரப்படுத்துவதையும் தடுக்கிறது. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

அதனால் இந்தியாவில் இருப்பவருக்கு மேலே சொன்ன சோதனை முதல் படியிலேயே முடிந்துவிடுகிறது. ஆன்லைன் கேசினோவுக்கு இங்கே உரிமம் கிடையாது, ஆகவே எண்ணைத் தேடிப் பார்க்கப் பதிவேடும் கிடையாது. முகப்பு தமிழில் இருக்கலாம், யூபிஐ வசதி இருக்கலாம், பிரபலம் ஒருவரின் படம் இருக்கலாம், குராசோ முத்திரையும் இருக்கலாம். பணம் நின்றுபோனால் அந்த முத்திரையை வைத்து இங்கே யாரிடமும் போய் நிற்க முடியாது. யூபிஐயில் பணம் வாங்கும் பெயர் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருந்தால், அது வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏற்கெனவே பணம் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம். மேலும் ஒரு ரூபாய்கூட அனுப்பாமல், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்ச் சிதறும் முன் தகவல் போனால் அதை நிறுத்திவைக்க வழி இருக்கிறது. பரிவர்த்தனை எண், பணம் போன கணக்கின் பெயர், தளத்தின் முகவரி, சாட் பதிவுகளின் படங்கள் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு பேசினால் வேலை சீக்கிரம் நடக்கும்.